நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் நகரமைப்பு ஆய்வாளராகவோ உதவி நகரமைப்பு அலுவலராகவோ சேரவிருப்பவர்களும், சேர்ந்து சில மாதங்களே ஆனவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விதிகளில் உள்ள அளவுகள் அரசாணைகளால் அடிக்கடி திருத்தப்படுகின்றன. ஆகவே எந்த அளவையும் கோப்பில் எழுதும் முன் நடப்பு அரசாணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் நகரங்களைத் திட்டமிடக் கற்றோம். நகராட்சியில் முதல் ஆண்டில் உண்மையில் என்ன வேலை இருக்கும்?

பெரும்பாலும் கோப்புகளும் களஆய்வும்தான். ஒற்றைச் சாளர இணையதளத்தில் வந்திருக்கும் கட்டட அனுமதி விண்ணப்பங்களைச் சரிபார்த்தல், மனையை நேரில் பார்த்து அறிக்கை எழுதுதல், ஆக்கிரமிப்புப் புகார்களுக்குப் போய்வருதல், அனுமதியில்லாத விளம்பரப் பலகைகளைக் கணக்கெடுத்தல், தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுக்களுக்குப் பதில் தயாரித்தல், உயர்நீதிமன்றத்தில் நகராட்சி எதிர்மனுதாரராக உள்ள ரிட் மனுக்களுக்குப் பத்திவாரியாகக் குறிப்புரை எழுதுதல், மன்றக் கூட்டத்துக்கு வைக்க வேண்டிய பொருளைத் தயாரித்தல் என்று நாள் கழியும். இவற்றுக்கிடையே, தம் வீட்டுச் சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரர் படிக்கட்டு கட்டுகிறார் என்று ஒருவர் வந்து நிற்பார்.

புதியவர்கள் பலர் இதைக் கண்டு மனம் சோர்ந்துபோகிறார்கள். படித்த படிப்புக்கும் செய்யும் வேலைக்கும் தொடர்பில்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் ஊரின் நிலப் பயன்பாட்டையும் சாலைகளையும் வகுத்துக் காட்டும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) 12 மீட்டர் என்று காட்டப்பட்ட சாலை 12 மீட்டராக நிலைக்குமா என்பது, அந்தச் சாலையில் எழும் ஒவ்வொரு கட்டடமும் உரிய அளவு பின்வாங்கி நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. அதைப் பார்த்து எழுதும் முதல் கை உங்களுடையது. ஒரு நகரத்தின் திட்டம் நாள்தோறும் நிறைவேறுவதோ தோற்பதோ உங்கள் மேசையில்தான் என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்துகொண்டவர்கள் இந்த வேலையைக் கவனமாகச் செய்கிறார்கள்.

சி.எம்.டி.ஏ., டி.டி.சி.பி., உள்ளாட்சி அமைப்பு ஆகிய மூன்றில் யார் எதற்குப் பொறுப்பு?

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமே மூன்றுக்கும் அடிப்படை. சென்னைப் பெருநகரப் பகுதிக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. பொறுப்பேற்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த அப்பகுதி 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. மாநிலத்தின் மற்றப் பகுதிகளில் நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.யும் அதன் மாவட்ட அலுவலகங்களும் உள்ளூர் திட்டக் குழுமங்களும் செயல்படுகின்றன. முழுமைத் திட்டம், விரிவான வளர்ச்சித் திட்டம், உயரமான கட்டடங்கள், மனைப்பிரிவுகள் ஆகியவை பெரும்பாலும் இவர்கள் கையில் உள்ளன.

உள்ளாட்சி அமைப்புக்குச் சிறிய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி வழங்கும் அதிகாரம் பிரித்தளிக்கப்பட்டுள்ளது. 10,000 சதுர அடிக்கும் 8 குடியிருப்புகளுக்கும் உட்பட்டவை பொதுவாக இந்த வரம்புக்குள் வருகின்றன. பெரிய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி மேலே வழங்கப்பட்டாலும் கட்டட அனுமதி தருவது உள்ளாட்சியே. தெருவில் நின்று கேள்வி கேட்கும் பொதுமக்களுக்கு இந்தப் பிரிவினை தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. "அது எங்கள் வேலை இல்லை" என்று திருப்பி அனுப்பாமல், எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளுடன் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவது உங்கள் கடமையில் சேர்ந்ததாகும்.

அரசமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்க்கப்பட்ட 12ஆவது அட்டவணையில் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியல் இருக்கிறது. அப்பட்டியலின் முதல் இனமே நகரமைப்பு. அந்த அதிகாரம் முழுமையாக உள்ளாட்சிக்கு வந்து சேரவில்லை என்பது என் கருத்து. கிடைத்திருக்கும் அளவையாவது செம்மையாகப் பயன்படுத்தினால்தான் மேலும் கேட்கும் தகுதி நமக்கு வரும்.

எந்தப் படிப்பு படித்தவர்கள் இந்தப் பணிக்கு வரலாம்?

கட்டடப் பொறியியல், கட்டடக்கலை, நகரத் திட்டமிடல் ஆகிய மூன்று வழிகளிலும் வரலாம். பதவிக்குப் பதவி தகுதி மாறும் என்பதால் அந்தந்த அறிவிக்கையைத்தான் நம்ப வேண்டும். முதுநிலைத் திட்டமிடல் படிப்புக்குச் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியும், வெளியே டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய இடங்களில் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளும் உள்ளன. வேலையில் இருந்துகொண்டே தகுதி பெற நினைப்பவர்கள், 1951இல் தொடங்கப்பட்ட இந்திய நகரமைப்பாளர் நிறுவனம் நடத்தும் தேர்வை எழுதலாம்.

நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, நாடு முழுவதும் 12,000க்கும் மேற்பட்ட நகரமைப்பாளர் பணியிடங்கள் தேவைப்படும் நிலையில், மாநிலங்களின் நகரமைப்புத் துறைகளில் ஒப்பளிக்கப்பட்டவை 4,000க்கும் குறைவு. அவற்றிலும் ஏறத்தாழப் பாதி காலியாகக் கிடந்தன. ஆள் தேவை இருக்கிறது, அறிவிக்கைகள்தான் சீராக வருவதில்லை. ஆகவே ஒரே தேர்வை நம்பிக் காத்திருக்காமல், தனியார் திட்டமிடல் நிறுவனங்களிலோ முழுமைத் திட்டம் தயாரிக்கும் ஆலோசனை அமைப்புகளிலோ பணியாற்றியபடியே முயல்வது நல்லது. அந்த அனுபவம் பின்னாளில் அப்படியே பயன்படும்.

எந்தச் சட்டங்களையும் விதிகளையும் முதலில் படிக்க வேண்டும்?

மூன்றைப் படித்தால் தொண்ணூறு விழுக்காடு கோப்புகளுக்குப் போதும். முதலாவது 1971ஆம் ஆண்டுச் சட்டம். அதில் பிரிவு 47 முதல் 49 வரை அனுமதி பற்றியவை, பிரிவு 56, 57 ஆகியவை விதிமீறல் நடவடிக்கை பற்றியவை, பிரிவு 79 மேல்முறையீடு பற்றியது. இரண்டாவது, 2019 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதற்கு முன் சென்னைக்கு ஒரு விதி, மாவட்டங்களுக்கு வேறு விதி, ஊராட்சிகளுக்கு இன்னொன்று என்று சிதறிக் கிடந்தவை அதில் ஒன்றாயின. மூன்றாவது, 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன்கீழ் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளும்.

திருத்தங்களைத் தனியாக ஒரு குறிப்பேட்டில் தேதிவாரியாக எழுதி வாருங்கள். விண்ணப்பம் வந்த நாளில் எந்த விதி நடப்பில் இருந்தது என்ற கேள்வி நீதிமன்றத்தில் கட்டாயம் எழும்.

விண்ணப்பம் வந்தவுடன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நில ஆவணங்களை. அவை சரியாக இருந்தால் மட்டுமே கட்டட வரைபடத்தைத் திறக்க வேண்டும். புதியவர்கள் வரைபடத்தில் தொடங்கி, பக்க இடைவெளி, மனைப்பரப்புக்கும் மொத்தத் தளப்பரப்புக்கும் உள்ள விகிதமான தளப்பரப்புக் குறியீடு, வாகன நிறுத்தம் எல்லாவற்றையும் நுணுக்கமாகக் கணக்கிட்டு முடித்த பிறகு, அந்த மனையின் ஒரு பகுதி வாய்க்கால் புறம்போக்கு என்று கண்டுபிடித்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நில அளவைத் துறையின் எல்லை வரைபடமான புலப்படம் (எஃப்.எம்.பி.) ஆகியவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். பத்திரத்தில் ஒரு பரப்பு, பட்டாவில் ஒரு பரப்பு, களத்தில் ஒரு பரப்பு என்று மூன்று விதமாக இருப்பது இயல்பானது. மூன்றில் குறைவானதையே மனையின் பரப்பாக எடுத்துக்கொள்வது வழக்கம். நான்கெல்லையை வாய்விட்டுப் படியுங்கள். "வடக்கில் 20 அடி பொதுப்பாதை" என்று பத்திரத்தில் எழுதியிருந்து, அந்தப் பாதை புலப்படத்தில் இல்லாவிட்டால், அது தனியார் நிலத்தில் விட்ட பாதை. அது உள்ளாட்சியிடம் முறையாகத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டதா என்பது உடனே எழ வேண்டிய கேள்வி.

புலப்படத்தை வாசிக்கத் தெரியாமல் இந்த வேலையில் ஒரு மாதமும் தள்ள முடியாது, ஆனால் கல்லூரிகளில் இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. பழைய புலப்படங்களில் அளவுகள் லிங்க் கணக்கில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி நீளம், அதில் 100 லிங்க். ஆயிரம் சதுர லிங்க் சேர்ந்தால் ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. ஜி-லைன் எனப்படும் அடிப்படைக் கோட்டின்மேல் எந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகி எல்லைக்கல் இருக்கிறது என்று எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கொண்டு புலத்தின் வடிவத்தைத் தாளில் திரும்ப வரைந்து பாருங்கள். நாலைந்து புலங்களை இப்படிக் கையால் வரைந்துவிட்டால், விண்ணப்பதாரரின் வரைபடத்தில் ஓரம் சற்றே நிமிர்த்தப்பட்டிருப்பது கண்ணில் தானாகப் படும்.

நகர நில அளவை முடிந்த ஊர்களில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று பதிவு மாறியிருக்கும். பழைய சர்வே எண்ணோடு அதைப் பொருத்திப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. சந்தேகம் வந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தின் நகர சார் ஆய்வாளரிடமும் நில அளவரிடமும் நேரில் போய்க் கேளுங்கள். அவர்களோடு நல்ல பழக்கம் வைத்திருக்கும் நகரமைப்பு ஆய்வாளருக்குப் பாதி வேலை எளிதாகும்.

களஆய்வுக்குப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் சாலையை அளந்து பாருங்கள். மனையின் முன்னால் மட்டும் அளந்தால் போதாது. பிரதான சாலையிலிருந்து அந்த மனை வரை எங்கே மிகவும் குறுகுகிறது என்று நடந்து பார்த்து அந்த இடத்திலும் அளக்க வேண்டும். முன்புற இடைவெளி, கட்டடத்தின் உயரம், அனுமதிக்கத்தக்க பரப்பு எல்லாம் சாலையின் அகலத்தைப் பொறுத்தே அமைகின்றன. 7 மீட்டர் சாலையில் முன்புறம் 1.5 மீட்டர் விட்டால் போதும் என்றால், 12 மீட்டர் சாலையில் 3 மீட்டர் விட வேண்டும். 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடத்துக்குக் குறைந்தது 12 மீட்டர் சாலை இருந்தாக வேண்டும். ஆகவே சாலை அகலத்தைக் கூட்டிக் காட்டுவதில் விண்ணப்பதாரருக்கு ஆதாயம் இருக்கிறது.

வரைபடத்தில் 12 மீட்டர் என்று இருக்கும். போய்ப் பார்த்தால் ஒரு முனையில் மின்மாற்றி நிற்கும், அதை அடுத்த வீட்டின் சுற்றுச்சுவர் இரண்டடி முன்தள்ளி இருக்கும், மறுபுறம் மழைநீர் வடிகாலின் மேல் பலகைக்கல் போட்டு அது சாலையாகக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கும். டேப்பைப் பிடித்தால் 9.4 மீட்டர் வரும். அந்த 9.4ஐத்தான் நீங்கள் எழுத வேண்டும், எந்த இடத்தில் அளந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். டேப்பின் மறுமுனையை விண்ணப்பதாரரின் ஆளிடம் கொடுக்காமல் அலுவலகப் பணியாளரையே பிடிக்கச் சொல்லுங்கள். அளவு காட்டும் டேப்பும் பின்னணியில் அடையாளம் தெரியும் கட்டடமும் சேர்ந்து விழும்படி ஒளிப்படம் எடுங்கள்.

அடுத்து, தரையின் சரிவைப் பாருங்கள். மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மனையை உயர்த்திக் கட்டினால் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் எந்த அளவு தண்ணீர் நின்றது என்று சென்னைப் பகுதி மக்கள் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். இதைக் கேட்டு எழுது என்று எந்தப் படிவமும் சொல்வதில்லை. எனினும் அறிக்கையின் கடைசியில் இரண்டு வரி எழுதிவையுங்கள்.

உயரழுத்த மின்கம்பி, கிணறு, பழைய மரம், அருகில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் ஆகியவையும் கண்ணில் பட வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி தேவை. தஞ்சாவூரிலோ மாமல்லபுரத்திலோ பணியாற்றுபவர்களுக்கு இது அன்றாடக் கேள்வி. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் 9 மீட்டர் உயரத்துக்கு மிகக் கூடாது என்ற கட்டுப்பாடு தனியாக இருக்கிறது.

சுயசான்று முறை வந்துவிட்டதே, இனி எங்களுக்கு என்ன வேலை?

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதன்மேல் ஒரு தளமோ கொண்ட வீடு கட்டுவோர் சுயசான்றின் அடிப்படையில் உடனடி அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. சிறுகச் சிறுகச் சேமித்து வீடு கட்டும் குடும்பங்களை மாதக்கணக்கில் அலையவிட்ட பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல். அலுவலரின் நேரம் மிச்சமாகிறது என்பதும் உண்மை. அந்த நேரத்தைப் பெரிய கட்டடங்களின் ஆய்வுக்கும், நடந்துகொண்டிருக்கும் கட்டுமானங்களைப் பார்வையிடுவதற்கும் செலவிட வேண்டும். அடித்தளம் போடும் கட்டத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தால் ஒரு வார்த்தையில் தீரும் மீறல், மூன்று தளம் எழுந்த பிறகு பத்தாண்டு வழக்காகிவிடும்.

அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் மனை வாங்கியவர்கள் அழுதுகொண்டே வருகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

இந்த வேலையில் மனத்தை மிகவும் வருத்தும் பகுதி இதுதான். விவசாய நிலத்தைக் கூறுபோட்டு, 16 அடியிலும் 20 அடியிலும் பாதை விட்டு, பூங்காவுக்கும் வடிகாலுக்கும் ஓர் அடி நிலம்கூட ஒதுக்காமல் விற்றுவிட்டு விற்றவர் போய்விடுவார். பிள்ளையின் கல்யாணத்துக்கு உதவும் என்று நகையை விற்று வாங்கியவர் அனுமதி கேட்டு உங்களிடம் வந்து நிற்பார். தவறு செய்தவர் உங்கள் முன் இல்லை, பாதிக்கப்பட்டவர்தான் இருக்கிறார் என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள்.

2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 அல்லது அதற்கு முன் பதிவான மனைகளுக்கே அவை பொருந்தும். அந்தத் தேதியைத் தாண்டிய மனையாக இருந்தால் நடக்காத ஒன்றை நடக்கும் என்று சொல்லி அலையவிடாதீர்கள். தகுதியுள்ள மனையாக இருந்தால், மனைப்பிரிவு முழுவதற்கும் கொள்கை அளவிலான ஒப்புதல் கிடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது கிடைத்திருந்தால் விற்றவர் வராவிட்டாலும் தனி மனையின் உரிமையாளர் தாமே விண்ணப்பிக்கலாம். கிடைக்காத இடங்களில் மனைப்பிரிவின் வரைபடத்தைக் களத்தில் சரிபார்த்துத் தயாரிக்கும் பொறுப்பு உள்ளாட்சியின் பக்கம் வரும். அந்த வரைபடத்தில் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்துக் காட்ட முடிகிறதா, காலியாக இருக்கும் மனைகளை வைத்து ஒரு முட்டுச்சந்தையாவது திறந்துவிட முடிகிறதா என்று முயன்று பாருங்கள். படித்த திட்டமிடல் முழுவதும் கைகொடுக்கும் இடம் அது.

அனுமதி பெற்ற மனைப்பிரிவா என்று வாங்கும் முன்பே கேட்க வரும் நபர்களுக்கு, எவ்வளவு நெருக்கடி இருந்தாலும், ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒப்புதல் எண்ணைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் பற்றி இவ்வளவு வழக்குகள் ஏன்?

3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக 10 விழுக்காடு நிலம் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணமாகச் செலுத்த வழியுண்டு, அதற்கு மேல் நிலமாகவே தர வேண்டும். தானப் பத்திரம் பதிவானதும் கோப்பு மூடப்பட்டுவிடுகிறது. நிலத்துக்கு வேலி போடுவதும் பெயர்ப்பலகை வைப்பதும் யார் வேலை என்று யாரும் கேட்பதில்லை. பத்தாண்டில் அங்கே ஒரு கோயில், ஒரு சங்கக் கட்டடம், ஒரு வாகனக் கொட்டகை வந்துவிடும்.

உங்கள் வார்டில் இதுவரை தானமாகப் பெறப்பட்ட எல்லா நிலங்களையும் பழைய கோப்புகளிலிருந்து எடுத்துப் பட்டியலிட்டு, பட்டா நகராட்சியின் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மாறியிருக்காது. வட்டாட்சியருக்கு ஆணையரின் கையெழுத்துடன் கடிதம் போட்டு மாற்ற வையுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் தாமாக முன்வந்து செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரிந்து வேறில்லை.

விதிமீறிய கட்டடத்தின்மேல் நடவடிக்கை எடுப்பது எப்படி?

படிப்படியாக, ஒரு படியையும் தாண்டாமல். பணி நடந்துகொண்டிருந்தால் பிரிவு 57இன்கீழ் நிறுத்த அறிவிப்பு, கட்டிய பகுதிக்குப் பிரிவு 56இன்கீழ் அறிவிப்பு, பிறகு பூட்டி முத்திரையிடுதல் என்று போகும். உரிமையாளர் பிரிவு 80-அவின்கீழ் அரசிடம் மனு செய்துவிட்டால் கோப்பு அங்கேயே நெடுநாள் தங்கும். அறிவிப்பில் சர்வே எண் தவறு, பெயர் தவறு, சேர்ப்பித்த சான்று இல்லை என்ற மூன்று காரணங்களால் எத்தனையோ நல்ல நடவடிக்கைகள் நீதிமன்றத்தில் தோற்றிருக்கின்றன.

2024 நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இடிப்பதற்குமுன் குறைந்தது 15 நாள் அவகாசத்துடன் பதிவஞ்சலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும், கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். சாலை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டுமானங்களுக்கு இது பொருந்தாது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த மற்றொரு தீர்ப்பு, ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்றது. இவ்விரு தீர்ப்புகளையும் முழுமையாகப் படித்துவிடுங்கள்.

எல்லா மீறலும் ஒரே தரத்தவை என்று நான் கருதவில்லை. மாடியில் ஒரு கூரைக் கொட்டகை போட்டவரும், தூண் தளத்தில் காட்டிய வாகன நிறுத்தத்தைச் சுவரெழுப்பி மூன்று கடைகளாக வாடகைக்கு விட்டவரும் சட்டத்தின் பார்வையில் மீறியவர்களே. ஆனால் வெளியேறும் வழியையும் படிக்கட்டையும் தீயணைப்பு வண்டி வரும் பாதையையும் அடைத்த மீறல்தான் உயிரைப் பறிக்கும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் குறுகிய படிக்கட்டும் கீற்றுக்கூரையும் கொண்ட பள்ளிக் கட்டடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளி, மருத்துவமனை, திருமண மண்டபம், விடுதி ஆகியவற்றின் கோப்பு வந்தால் படிக்கட்டின் அகலத்தை நீங்களே உங்கள் கையால் அளந்து பாருங்கள்.

மன்ற உறுப்பினர்களும் இடைத்தரகர்களும் கொடுக்கும் அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பது?

இவ்விருவரையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. மன்ற உறுப்பினர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் வார்டில் எங்கே தண்ணீர் தேங்கும், எந்தச் சந்தில் சண்டை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அவரை மரியாதையோடு அமரவைத்துக் கேளுங்கள், விதி இடம் தராததை விதியின் எண்ணோடு சொல்லுங்கள். "பார்க்கலாம் ஐயா" என்று இழுத்தடிப்பதுதான் பின்னால் பகையை வளர்க்கும்.

இடைத்தரகரிடம் பேச்சே தேவையில்லை. விண்ணப்பதாரரோ, பதிவுபெற்ற பொறியாளரோ, கட்டடக்கலைஞரோ நேரில் வரட்டும் என்று சொல்லிவிடுங்கள். கோப்பில் உள்ள குறைகள் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடும் அலுவலரைச் சுற்றி இடைத்தரகர்கள் நிற்க மாட்டார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருப்பும் மேசையைத் தேடித்தான் அவர்கள் வருகிறார்கள். பணம் வாங்குவது குற்றம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை வாங்கியவரின் அளவுகளை அதன்பின் யாரும் நம்புவதில்லை.

கோப்பில் குறிப்பு எழுதுவதற்கு ஏதேனும் வழிமுறை உண்டா?

பார்த்ததை முதலில், அதற்குரிய விதியை அடுத்து, உங்கள் பரிந்துரையைக் கடைசியில் எழுதுங்கள். "விதிகளுக்கு உட்பட்டு அனுமதிக்கலாம்" என்ற வரி எதையும் சொல்லவில்லை. "வடபுறப் பக்க இடைவெளி 1.5 மீட்டருக்குப் பதிலாக 1.2 மீட்டர் உள்ளது, வரைபடத்தைத் திருத்தித் தரக் கோரலாம்" என்ற வரி எட்டு ஆண்டு கழித்தும் உங்களைக் காப்பாற்றும். வாய்மொழி உத்தரவு வந்தால், "ஆணையர் அவர்கள் அறிவுறுத்தியவாறு" என்று தேதியுடன் குறித்து, அதே கோப்பில் அவருடைய பார்வைக்கு வையுங்கள்.

முழுமைத் திட்டம் தயாரிப்பதில் புதியவருக்கு ஏதேனும் பங்கு கிடைக்குமா?

கிடைக்கும். மத்திய அரசின் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டமான அம்ருத்தின்கீழ் பல ஊர்களுக்குப் புவியியல் தகவல் முறையில் முழுமைத் திட்டங்கள் தயாராகின்றன. செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைந்த 1:4,000 அளவிலான நிலப்படம் களத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க உள்ளாட்சியிடம்தான் வருவார்கள். படத்தில் காலிமனையாகத் தெரிவது உண்மையில் ஆடிமாதத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடையாக இருக்கலாம். அதைத் திருத்தாமல் விட்டால் அடுத்த இருபது ஆண்டுக்குக் குடியிருப்புப் பகுதியாகப் பதிவாகிவிடும். சென்னையில் 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தின் காலத்தில் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. அன்று அது முன்னேற்றமாகக் கருதப்பட்டது. இன்று அப்படி ஓர் ஏரியை வரைபடத்திலிருந்து அழிக்க நமக்கு எந்த நியாயமும் இல்லை.

திட்டத்தில் சாலைக்கென்று குறிக்கப்பட்ட தனியார் நிலம் உரிய காலத்தில் கையகப்படுத்தப்படாவிட்டால் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 38இன்கீழ் விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கான காலவரம்பு மூன்று ஆண்டு. எத்தனையோ நல்ல சாலைகள் தாளிலேயே நின்றுபோனதற்கு இதுவே காரணம்.

என்னென்ன மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும்?

வரைபடத்துக்கு ஆட்டோகேட், நிலப்படத்துக்கு கியூஜிஐஎஸ், கணக்குக்கு எக்செல் ஆகிய மூன்றும் போதும். தமிழில் ஒருங்குறியில் வேகமாகத் தட்டச்சு செய்யவும் பழகிக்கொள்ளுங்கள்.

பணி ஆணை இன்னும் வரவில்லை. அதுவரை என்ன செய்யலாம்?

நீங்கள் குடியிருக்கும் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் அதன் புலப்படத்தையோ நகர நில அளவை வரைபடத்தையோ பதிவிறக்கி, 30 மீட்டர் டேப்புடன் இறங்கி, இரு முனைகளிலும் நடுவிலும் சாலையை அளந்து, ஆவணத்தில் உள்ள அகலத்தோடு ஒப்பிடுங்கள். வீடுகளின் முன்புற இடைவெளியை வாசலில் நின்றே மதிப்பிட்டுக் குறியுங்கள். தெருவின் மழைநீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று அடுத்த மழையில் குடையோடு பின்தொடர்ந்து போங்கள். உங்கள் ஊரின் முழுமைத் திட்டத்தில் அந்தத் தெரு எந்தப் பயன்பாட்டுப் பகுதியில் வருகிறது என்று தேடிப் பார்த்து, தரையில் நீங்கள் கண்ட பயன்பாட்டோடு சேர்த்து ஒரே தாளில் வரையுங்கள். நேர்முகத் தேர்வு இருந்தால் அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போகலாம். இல்லாவிட்டால் பணியில் சேர்ந்த பிறகு உங்கள் முதல் வார்டுக்கும் அதேபோல் ஒன்றை வரையத் தொடங்கலாம்.